தீசிஸ் அடுக்கில் ஏறிய தேதி

நெற்பயிர் வாடும்போது மட்டும் ஒரு ஜீனை வேலை செய்யவைத்து, தண்ணீர் பாய்ந்ததும் தானே அதை நிறுத்திவிடும் சின்ன டி.என்.ஏ. துண்டு ஒன்றை நான் கண்டுபிடித்திருந்தேன். மதுரையில் ஆறு வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு சொந்தக்காரர்களிடம் ஏச்சு வாங்கியதெல்லாம் அதற்காகத்தான். தீசிஸ் எழுதிக் கொடுத்து முனைவர் பட்டம் வாங்கியபின், வக்கீலைப் பிடித்து, காப்புரிமை, அதாவது பேடண்ட் கேட்டு விண்ணப்பம் போட நாலு மாதம் ஆனது.

இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து பேடண்ட் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இது புதுசு இல்லையாம், ஏற்கெனவே வெளியாகிவிட்டதாம். எந்த வெள்ளைக்காரன் முந்திக்கொண்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினேன். அவர்கள் ஆதாரமாகக் காட்டியிருந்தது என்னுடைய தீசிஸை.

சென்னையிலிருந்து வக்கீல் போனில் விளக்கினார். விண்ணப்பத்துக்கு முன்பே தீசிஸ் நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி இருந்திருந்தால், நாமே ஊருக்குச் சொல்லிவிட்டதாக அர்த்தம். விண்ணப்பத்துக்குப் பிறகுதான் அடுக்குக்குப் போனது என்று நூலகத்தில் எழுதி வாங்கினால் தப்பிக்கலாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கள் நூலகத்தில் தீசிஸ்கள் வருஷக்கணக்கில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும்.

நூலகர் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்கதானம்மா அவசரப்படுத்துனீங்க? அப்பா வாடிப்பட்டியில இருந்து வாராரு, அவரு பாக்குறப்ப அடுக்குல இருக்கணும்னு. வைவா பரீட்சை அன்னைக்குக் காலையிலயே நம்பர் போட்டு வச்சுட்டேன்.”

ஆமாம், நான்தான். போதாக்குறைக்கு அவருக்கு லட்டு வேறு கொடுத்திருந்தேன்.

“தேதிய மாத்தி எழுதவா? உங்களுக்காகச் செய்றேன்மா” என்றார் குரலைத் தாழ்த்தி. ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர். வேண்டாம் சார் என்றேன். சரி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தீசிஸை எடுத்துவந்து கொடுத்தார். பின்னட்டையில் ஒட்டியிருந்த இரவல் சீட்டில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. அதை இதுவரை புரட்டிய ஒரே ஆள் அப்பாதான். அட்டையில் இருந்த என் பெயரைத் தவிர இங்கிலீஷில் அவருக்கு எதுவும் படிக்கத் தெரியாது. யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். “பேடண்டு வந்துருச்சா தாயி?”

“இன்னும் வரலப்பா.”

“மெதுவா வரட்டும். வந்ததும் அன்னைக்கு மாதிரியே மொதல்ல எங்கிட்டதான் காட்டணும்.”

சரிப்பா என்றேன்.