கரும்பலகையில் மூன்று நாடுகள்

எங்கள் வீட்டுக்காரர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். பகலில் பிள்ளைகளுக்கு மார்க் போடுவார். சாயங்காலம் நாடுகளுக்கு மார்க் போடுவார். பிள்ளைகளாவது மார்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். நாடுகள் போகாது. இருட்டும்வரை பள்ளிக்கூடத்திலேயே கிடக்கும். அவற்றுக்கும் சேர்த்து நான்தான் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

ரம்புக்கனைக்கு மேலே மலைச்சரிவில், ரப்பரும் கொஞ்சம் தேயிலையும் வைத்த தோட்டம் அது. பள்ளிக்கூடம் என்றால் தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதன் பின்பக்கத்து அறைதான் எங்கள் குடித்தனம். கரும்பலகைக்கும் என் அடுப்புக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். அவர்கள் பேசுவது காதில் விழாமல் இருக்க வழியே கிடையாது. மழை தகரத்தில் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிம்மதி.

பலகையில் மூன்று கட்டம் கிழித்திருப்பார். ஊர், சிலோன், மலாயா. ஊர் என்றால் எங்கள் சனம் புறப்பட்டு வந்த திருச்சிப் பக்கம். இடது ஓரத்தில் அரிசி, துணி, கூரை, தண்ணீர், படிப்பு, மரியாதை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு அடியில் கூட்டுவார். சனங்கள் எந்த நாட்டில் நன்றாக வாழ்கிறார்கள் என்பதை இப்படிக் கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று அவருக்கு அசையாத நம்பிக்கை. அவர் கடலைத் தாண்டியது எங்கள் கல்யாணத்துக்கு ஒரு தடவை. மலாயாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கடைத்தெருவிலிருந்து வரும் பழைய பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் இத்தனையும். தோட்டத்துத் தொரை அவரை அதட்டிய நாளில் சிலோன் மரியாதையில் முட்டை வாங்கும். மறுநாள் தொரை சிரித்துவிட்டுப் போனால் ஆறு, ஏழு என்று ஏறிவிடும்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று கரை. மூன்றாவது கரைக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் இருந்தார், என் தங்கை புருஷன். மலாயாவில் சில வருஷம் பால் மரம் வெட்டிவிட்டு, ரப்பர் விலை விழுந்தபோது ஊருக்குத் திரும்பி, அங்கிருந்து கங்காணி ஒருவரோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். முதல் சம்சாரம் மலாயாவில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். என் தங்கையை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர், குடி கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் மலாயா.

"அங்க லயத்து வீடுங்கள காலு வச்சு ஒசத்திக் கட்டியிருப்பாங்க சகலை. தண்ணி உள்ள வராது."

"அப்ப கூரைக்கு எட்டு போடட்டுமா?"

"எட்டு என்ன எட்டு, ஒம்பது போடுங்க. ஆசுபத்திரிக்குத் தனியா ஒரு வரி எழுதுங்க. பெரிய தோட்டத்துல எல்லாம் ஆசுபத்திரி இருக்கு. கட்டிலெல்லாம் இரும்பு. வெள்ளைத் துணி விரிச்சிருக்கும்."

"ஆசுபத்திரி... பத்தே போட்டுர்றேன்."

அந்த இரும்புக் கட்டிலை அவர் எத்தனை சாயங்காலம் சொல்லியிருப்பார்! எனக்கு அந்தக் கட்டிலில் நானே படுத்து எழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் பொறுக்காமல் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன்: "அவ்வளவு நல்ல நாட்டை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க மாப்பிள்ளே?" மாப்பிள்ளை தேத்தண்ணியைச் சத்தமாக உறிஞ்சினார். பிறகு எங்கள் வீட்டுக்காரர், "நீ உலைய பாரு" என்றார். அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

ஊருக்கு அரிசியில் எட்டு மார்க். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை நானும் அவளும் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். தோட்டத்திலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் வெறுங்கழுத்தோடு போவது வழக்கமில்லை. கங்காணி வீட்டுச் சங்கிலியை வாங்கிப் போட்டுக்கொண்டு, புதுக்குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சிலோனில் எல்லாம் சௌக்கியம் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் செய்வதுதான். அம்மாவும் அவள் பங்குக்கு மூன்று வேளையும் நெல்லுச் சோறு ஆக்கிப் போட்டாள். நாங்கள் திரும்பி வந்து, ஊரில் நல்ல சோறு என்று சொன்னோம், பலகையில் எட்டு ஏறிவிட்டது. பிற்பாடு எங்கள் ஊர்க்காரி ஒருத்தி லயத்துக்குப் புதிதாக வந்தாள். அந்த அரிசி மூன்று வீட்டில் கேட்டு வாங்கியது, நாங்கள் வண்டி ஏறியதும் மறுபடி கேப்பைக் கூழ்தான் என்று அவள்தான் சொன்னாள். ஆக, எங்கள் பொய்யும் அம்மாவின் பொய்யும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கின்றன. இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எட்டை ஏழாக்கினார்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்த வருஷம் தங்கை முழுகாமல் இருந்தாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் சனத்துக்கு மாற்ற முடியாத சட்டம். ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் அப்பா இறந்து போனபின் அம்மா ஊரில் என் தம்பியோடு இருந்தாள். தாய் வீடு என்றால் கடலுக்கு அந்தப் பக்கம். ரம்புக்கனைக்கு மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில், பொல்காவலையில் மாறி மறுபடி ராத்திரி முழுக்க ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் இறங்கி மறுபடி ரயில், கடைசியில் கட்டாந்தரையில் வண்டித்தடம். சும்மா இருக்கிறவளுக்கே இடுப்பு கழன்றுவிடும். என் தங்கையோ வெளிறிப்போய், காலெல்லாம் வீங்கி, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிற நிலையில் இருந்தாள். தோட்டத்து மருந்து ஐயா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, இவளை அசைக்காதீர்கள் என்றார்.

அவர் சொல்லி என்ன? லயத்தில் பொம்பளைகள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன, ஊருக்கு அனுப்பலியா? தாய் வீடு இல்லாதவளா அவ?" தங்கை என்னிடம் மட்டும் வந்து அழுதாள்.

"அக்கா, கப்பல்ல எனக்கு எதாவது ஆயிட்டா?"

"போகமாட்டேன்னு உன் புருஷங்கிட்ட சொல்லேன்டி."

"எப்பிடிச் சொல்றது? அவுங்க மொகத்தத் திருப்பிக்கிறாங்க. வாத்தியார் மாமா சொல்றபடி செய்வோம்ங்கிறாங்க."

வாத்தியார் மாமா என்ன செய்தார் தெரியுமா? பலகையைத் துடைத்துவிட்டு, புதிதாக மூன்று கட்டம் கிழித்தார். பிரசவத்துக்கு உகந்த நாடு எது என்று மேலே எழுதினார். மருத்துவச்சி, மருந்து, பால், சொந்தபந்தம் என்று வரி போட்டார். மலாயாவையும் விடவில்லை. அங்கே யாரும் போகப் போவதில்லையே என்று கேட்டால், "ஒப்பிட்டுப் பாக்க வேணாமா?" என்கிறார். சொந்தபந்தத்தில் ஊருக்குப் பத்து. மொத்தத்தில் ஊர் ஜெயித்தது. வெள்ளிக்கிழமை வண்டி சொல்லலாம் என்றார். தங்கை புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க சகலை" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, சாக்குக்கட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: பிறந்த பிள்ளை நிற்கிறதா?

"இதுக்குப் போடுங்க மார்க்."

"இது என்ன கேள்வி? அது கடவுள் குடுக்குறது. அதுக்கெல்லாம் மார்க் போட முடியாது."

"அரிசிய மட்டும் நீங்களா குடுக்குறீங்க? எங்கம்மா பெத்ததுல நாங்க மூணு பேருதான் நின்னோம், மத்ததெல்லாம் மண்ணுக்குள்ள. இந்த லயத்துல போங்க, ஒவ்வொரு காம்பராவுலயும் கேளுங்க. எத்தனை பவுண்டு அரிசின்னு சொல்லத் தெரியுது, எத்தனை புள்ள தங்குச்சுன்னு ஒரு ஆம்பளைக்குச் சொல்லத் தெரியுதா? மலாயாவுல எப்பிடி மாப்பிள்ளே? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அங்க பொறந்தது நிக்குதா?"

ஆத்திரத்தில் கேட்டதுதான். பதில் வரும் என்று நினைக்கவேயில்லை. அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நிக்கல மதினி."

எங்கள் வீட்டுக்காரர் பலகை துடைக்கும் துணியைக் கீழே வைத்தார்.

"மொத சம்சாரம் காச்சல்ல போகல. அவளுக்கு எட்டு மாசம். நாங்க இருந்த தோட்டத்துல வைத்தியம் சரியில்ல. தூரத்துல ஒரு தோட்டத்துல பெரிய ஆசுபத்திரி இருக்குன்னாங்க. நல்ல எடத்துல பெக்கட்டும்னு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். அவ வரலைன்னுதான் சொன்னா. வண்டி குலுக்குன குலுக்கல்ல வழியிலயே நோவு கண்டுருச்சு. ரோட்டோரத்துல பொறந்துச்சு. கொஞ்சம் அழுதுச்சு. அப்புறம் ரெண்டு பேருமே..."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஆசுபத்திரிய பெறகு போயி பாத்தேன் மதினி. பொய் சொல்லல அவங்க. நெசமாவே கட்டில் இரும்புதான்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, என் தங்கையைக் கப்பலேற்ற எப்படிச் சரி என்றீர்கள் என்று கேட்டேன்.

"வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?"

வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. தாய் வீட்டுக்குத் தாயிருந்தால் போதும் என்று நான் லயம் முழுக்கச் சொல்லிவிட்டு, அம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கென்று நிறுத்திவைத்து அவளை விடுவதற்குள் இங்கே தங்கைக்கு வலி கண்டுவிட்டது. கீழே சிங்களக் கிராமத்திலிருந்து மருத்துவச்சி அம்மாவைத் தங்கை புருஷனே ஓடிப்போய்க் கூட்டிவந்தார். எங்கள் சனம் முகம் சுளித்தது. சுளித்தால் சுளிக்கட்டும். அந்த அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்து, தங்கையின் தலையைத் தடவி, "பய வென்ட எப்பா துவே" என்றாள். பயப்படாதே மகளே என்று எங்கள் அம்மா சொல்ல வேண்டியதைத்தான் அவள் சொன்னாள். மருந்து ஐயாவும் வாசலில் வந்து நின்றார். பகல் முழுக்கப் படுத்தியபிறகு பெண் பிறந்தது. தங்கை பிழைத்ததே பெரிது என்றார் அவர்.

அம்மா வந்து சேர்ந்தபோது குழந்தைக்குத் தொப்புள் விழுந்திருந்தது. பேத்தியைப் பார்க்கும் முன் வாசலிலேயே உட்கார்ந்து, எனக்கு ஒரு வாய் சோறு போடுடி என்றாள். வீட்டில் சொல்ல முடியாத பசியை அவள் முகத்தில் அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் திருந்தினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாரமே ரங்கூனை நாலாவது கட்டமாகச் சேர்த்துவிட்டார். குழந்தைக்கு மூன்று மாசம் ஆனபோது, ஒரு சாயங்காலம், தங்கை புருஷன் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றிருந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் பலகையிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "சகலை, மலாயாவுல இப்ப துணி எப்பிடி? ஆறு போட்டிருக்கேன், சரிதானா?"

குழந்தை ஏப்பம் விட்டது. அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியாதுங்க சகலை" என்றார்.

மலாயாவுக்கு மார்க் போட அவர் சொன்னதில் நான் சந்தேகப்படாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.