பில்லியர்ட்ஸ் மேஜை செய்த எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாசியோடு ஓராண்டு. அவரை நினைத்து வந்திருக்கும் உங்களிடம் அவர் தங்கையாக நான் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

கோச்சடையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய சிறுவயதிலேயே அப்பா தவறிவிட, அம்மாவையும் என்னையும் தாங்கியவர் அவர்தான். ஏர் பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. தச்சு வேலை பழகி, வைகைக் கரையில் சொந்தமாகப் பட்டறை போட்டார். கோபக்காரர். கடைசல் சரியாக வராத நாற்காலிக் காலைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடுவார். என்னைச் சமயநல்லூரில் கட்டிக்கொடுத்த பின், என் கணவரும் அவரோடு வேலைக்குச் சேர்ந்தார்.

யுத்த காலத்தில் மதுரையில் ஒரு கிளப்பின் பில்லியர்ட்ஸ் மேஜையைக் கரையான் அரித்துவிட்டது. சட்டம் முறிந்து, மேலிருந்த கற்பலகைகளும் உடைந்தன. சீமையிலிருந்து வேறு வரவழைக்கக் கப்பல் இல்லை. மேஜை ஓரத்தில் பொருத்தும் ரப்பரும் மேலே விரிக்கும் பச்சைத் துணியும் கிளப்பிலேயே இருந்தன. மற்றதை நான் செய்கிறேன் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார்.

உடைந்த மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, எது எதைத் தாங்குகிறது என்று பார்த்து வந்தார். கல்லின் பாரத்தில் நடுப்பகுதி தொய்ந்துவிடாதபடி தேக்கில் எட்டுக் கால்களும் அகலமான குறுக்குச் சட்டங்களும் செய்தார். அவரும் பட்டறை ஆட்களும் கடப்பைக் கல்லை ஐந்து பலகைகளாக அறுத்து, கண்ணாடி போல் ஆகும்வரை மணல் போட்டுத் தேய்த்தார்கள்.

கடைசிப் பலகையை இறக்கும்போது கயிற்று முடிச்சு நழுவியது. கீழே குனிந்திருந்த என் கணவரின் தலைக்கு நேராகக் கல் சாய்ந்தது. அண்ணன் பாய்ந்து அவரை வெளியே தள்ளினார். அண்ணனுடைய இடது கை கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பலகை சுக்குநூறானது.

"கல்லு போனா போகுது மாப்ள, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையில்ல?" என்றுதான் கேட்டாராம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். யுத்தம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளப்பிலும் சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதார். "போதும்ப்பா. கதவு, கட்டில் செஞ்சு பொழைச்சுக்கிருவோம்."

"நாலு கல்லோட அந்த மேஜைய விட்டுட்டு வரச் சொல்றியாம்மா?" என்றார் அண்ணன்.

மீதி விரல்களால் உளியைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். புதிய கல் வந்தது. மறுபடியும் தேய்த்தார்கள். மூலைக்கு மூலை ரசமட்டம் வைத்துப் பார்த்து, பலகைகளின் இணைப்பில் மெழுகு காய்ச்சி ஊற்றி, சுருக்கமில்லாமல் துணியை இழுத்துக் கட்டினார்கள்.

கிளப்பில் பெரியவர் ஒருவர் பந்தை மெல்ல உருட்டிவிட்டாராம். அண்ணன் மேஜை விளிம்பில் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். ஐந்து கற்களையும் கடந்து, ஓரத்து ரப்பரில் பட்டு, போன வழியிலேயே பந்து திரும்பி வந்தது. "இப்ப ஆடுங்க" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாராம். என் கணவர் இதை எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அண்ணனுக்குக் கடைசியில் மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. இரவு பகல் பாராமல் அண்ணி பார்த்துக்கொண்டார். மருந்து கொடுத்த டாக்டருக்கும், வீட்டு வாசலில் காத்துக் கிடந்த பட்டறை ஆட்களுக்கும், கிளப்பிலிருந்து நடந்தே வந்து இறுதி மரியாதை செய்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பட்டறையை இப்போது அதே ஆட்களை வைத்து அண்ணிதான் நடத்துகிறார். கணவனை இழந்தவளுக்கு இது எதற்கு என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல் துணை நின்ற உறவினர்களை என்றும் மறக்க மாட்டோம். உங்கள் வீட்டுக்கு ஒரு கட்டிலோ கதவோ வேண்டுமென்றால் அண்ணியிடம் சொல்லுங்கள். அவர் செய்து கொடுப்பார்.