மூன்றாவது அத்தியாயத்தை எடுக்காதவள்

எங்கள் பஸ் டிப்போவில் எந்த டிரைவருக்கு எந்த வண்டி, யாருக்கு என்றைக்கு விடுப்பு என்று எழுதி ஒட்டுகிறவள் ஸ்தோயாங்கா. இருபத்துநாலு வருடம் அதைத்தான் செய்தாள். ஐம்பத்தோரு வயதில் திடீரென்று கிராகுயெவாட்ஸ் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சனிக்கிழமை வகுப்புக்குச் சேர்ந்தாள். நிறுவனங்களில் தலைமை, மாற்றத்தை நடத்தும் முறை என்று பாடம். சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான். பெயர் ராதிசாவ், ஏழாம் நம்பர் வண்டி ஓட்டுகிறேன், வாய் கொஞ்சம் நீளம்.

“என்ன ஸ்தோயா, டைரக்டர் நாற்காலிக்கு அளவெடுக்கறியா?” என்றேன்.

“இதுவரைக்கும் நாலு டைரக்டர் வந்து எல்லாத்தையும் மாத்தறேன்னு மாத்திட்டுப் போனாங்க. ஒருத்தராவது நம்மள ஒரு வார்த்த கேட்டாங்களா? மாத்தறதுன்னா என்னன்னு படிச்சுட்டு வரேன். அஞ்சாவது ஆள் வந்தா நான் கேக்கறேன்.”

ஐந்தாவது ஆள் வந்தே விட்டார். ராஸ்த்கோ என்று பெயர், நாற்பது வயது, தலைநகர் பெல்கிரேடிலிருந்து. கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வந்த மாதமே ஸ்தோயாங்காவின் நோட்டை மூடச் சொன்னார். இனிமேல் கம்ப்யூட்டர் பட்டியல் போடும்; விடுப்பு வேண்டுமென்றால் டிரைவர் அதில் விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு, தகப்பன் வழியாக வருகிறவர். அவருடைய நாள்தான் அந்த வீட்டின் ஸ்லாவா. டிசம்பர் பத்தொன்பது புனித நிக்கோலா நாள். பாதி ஊர் அன்று விருந்து வைக்கும், மீதிப் பாதி அந்த விருந்துக்குப் போகும். டிப்போவில் அறுபத்திரண்டு டிரைவர்களில் முப்பத்தைந்து பேர் நிக்கோலா வீட்டுக்காரர்கள். மற்றவர்களில் யார் எந்த வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறான் என்பதுகூட ஸ்தோயாங்காவின் நோட்டில் இருக்கும். மதியம் சாப்பிடப் போகிறவன் காலையில் ஓட்டுவான். மாலையில் போகிறவன் மதியம் ஓட்டுவான். மே மாதம் புனித ஜார்ஜ் நாள், மற்றவர்களில் பலருக்கு அதுதான் ஸ்லாவா; அன்று நிக்கோலாக்காரர்கள் வண்டி ஓட்டி அந்தக் கடனைத் தீர்ப்பார்கள். நவம்பர் முழுக்க அவள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசிப் பேசித்தான் இதைக் கட்டுவாள்.

கம்ப்யூட்டர் வந்ததும் என்ன நடந்தது? விருந்துக்குப் போகிற டிரைவர்கள் ஒழுங்காக விண்ணப்பித்தார்கள். விடுப்பு என்றால் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதானே. விருந்து வைக்கிற முப்பத்தைந்து பேரில் ஒருவன்கூட விண்ணப்பிக்கவில்லை, நான் உட்பட. ஸ்லாவாவுக்கு எவனாவது மனுப் போடுவானா? என் அப்பனுக்கு நான் பிள்ளை என்று எவனிடமாவது அனுமதி கேட்பேனா? ராஸ்த்கோவோ, மனு வரவில்லை, ஆகவே எல்லாரும் வேலைக்கு வருவார்கள் என்று எடுத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஸ்லாவா உண்டு; தெரியாதவர் இல்லை. ஆனால் படித்தவர் போட்ட படிவத்தை நாங்கள் மதிப்போம் என்று நம்பிவிட்டார்.

நிக்கோலா நாளில் வண்டி ஓட்ட ஆளிருக்காது என்று டிசம்பர் இரண்டாம் தேதியே ஸ்தோயாங்கா டைரக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை. பத்தொன்பதாம் தேதி காலை டிப்போவுக்கு வந்த டிரைவர்கள் ஏழே பேர். பஸ் இல்லாமல் ஊரே நடந்தது.

அவள் வீட்டுக்கும் நிக்கோலாதான். இறைச்சி கூடாத விரத காலம் என்பதால் மேஜையில் மீன், அவித்த கோதுமை, பிளம் சாராயம். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும். நான் என் வீட்டு விருந்தை மனைவியிடம் விட்டுவிட்டு ஒரு நடை அங்கே போயிருந்தபோதுதான் போன் வந்தது.

“நோட்ட எடுத்துட்டு உடனே வாங்க,” என்றார் ராஸ்த்கோ. அவர் கத்தியது எனக்கே கேட்டது.

“டைரக்டரே, நான் நின்னுக்கிட்டுப் பரிமாறிட்டு இருக்கேன். இன்னிக்கு வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. நீங்களும் வாங்க. நான் அங்க வரமாட்டேன்.”

ஜனவரியில் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டிரைவர்கள் சங்கத்தின் சார்பில் நானும் போனேன். மேஜைமேல் அவளுடைய ஆய்வேடு கிடந்தது. எங்கள் டிப்போவில் நடந்த மாற்றத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். டைரக்டர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரி அதை ஏற்கும். மூன்றாவது அத்தியாயத்தின் தலைப்பு: ‘எங்களை யாரும் கேட்கவில்லை.’ அது முழுக்க டிரைவர்கள் அவளிடம் சொன்ன பேச்சு.

“அன்னிக்கு எல்லாரையும் நீங்கதான் தூண்டி விட்டிருக்கீங்க,” என்றார்.

“தூண்டினவ எதுக்கு முன்கூட்டியே கடிதம் குடுக்கறா? பிரிச்சாவது பாத்தீங்களா?”

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“அம்மா, மூணாவது அத்தியாயத்த எடுத்துடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன். உங்க வேலையும் அப்படியே இருக்கும்.”

“அது அறுபத்திரெண்டு பேர் சொன்னது. நான் எடுத்துக் குடுக்க அது என் வீட்டு சாமானா?”

அடுத்த வாரம் அவளை பஸ் ஸ்டாண்டு டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். நாங்கள் சண்டை போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரிப் பேராசிரியை ஸாகொர்கா நல்ல மனுஷி. கையெழுத்துக்கு அந்த வருட டிசம்பர் வரை தவணை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் வராவிட்டால் ரெண்டு வருடப் படிப்பும் வீண். அந்த ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அவரும் சொல்லிப் பார்த்தார்.

நானும் சொன்னேன். “போனாப் போகுது ஸ்தோயா, பத்துப் பக்கம்தானே? ஊரோட ஒத்து வாழக் கத்துக்கோ.”

“ஊரோடதான் ஒத்து நிக்கறேன். அந்தப் பத்துப் பக்கத்துல உன் பேச்சும் இருக்கு, ராதிசாவ். நீ சொன்னத நீயே எடுக்கச் சொல்றியே, வெக்கமா இல்ல?”

வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வருடம் ஓடியது. மறுபடி நவம்பர். இந்தத் தடவை முப்பத்தைந்து பேரும் மனுப் போட்டுவிட்டோம், விருந்தாளிகளும் போட்டார்கள். கம்ப்யூட்டர் அத்தனை பேருக்கும் விடுப்புக் கொடுத்துவிட்டு, ஓட்ட ஆளில்லை என்று சிவப்பாகக் காட்டியது. போன தடவை நடந்தே போன மேயர், இந்தத் தடவை நடக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம்.

ஒரு காலை என் வண்டியை நிறுத்திவிட்டு டிக்கெட் ஜன்னல் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஐந்தாவது ஆளாக ராஸ்த்கோ நின்றிருந்தார். முன்னால் வரப் பார்த்தார்.

“வரிசையில வாங்க,” என்றாள் ஸ்தோயாங்கா, தலை நிமிராமல்.

நின்றார். முறை வந்தது.

“நிக்கோலா நாள் பட்டியல நீங்கதான் போட்டுத் தரணும்,” என்றார் மெதுவாக.

அவள் பையிலிருந்து சம்மதத் தாளை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினாள்.

“மூணாவது அத்தியாயம் இன்னும் இருக்கா?”

“இருக்கு. நாலாவதும் எழுதிட்டிருக்கேன். நீங்க வரிசையில நின்னது அதுல வரும்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. தாளை ஜன்னல் பலகையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை ஒருமுறை படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள்.

“பட்டியல் போடறேன், டைரக்டரே. ஆனா நவம்பர் முடியற வரைக்கும் நீங்களும் என்கூட வரணும். அறுபத்திரெண்டு பேர்கிட்டயும் உங்க வாயாலயே கேக்கணும். முதல்ல இதோ காப்பி குடிச்சிட்டு நிக்கறானே, இவன்.”

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கேட்கட்டும்.