நிலா சும்மா இருக்கும் நேரம்

என் மனைவி சைப்ரஸில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், அந்த அம்மா இறந்த பிறகுதான் ஊர் திரும்பினாள். சாக்லேட், வாசனைச் சோப்பு, எனக்கு ஒரு தடித்த கம்பளிச் சட்டை என்று பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் அதற்குமுன் யாருக்கும் இல்லாத ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தாள். எதைத் தொடங்குவதற்கு முன்னும் போனைத் திறந்து நிலாவைப் பார்ப்பாள்.

வெள்ளைக்காரர்களின் சோதிடம் அது. நிலா இப்போது எந்த ராசியில் நிற்கிறது, வளர்கிறதா தேய்கிறதா, எப்போது அடுத்த ராசிக்கு நகரும் என்று அந்த ஆப் காட்டும். அந்த அம்மா முடி வெட்டுவது, ரோஜாக் கன்று நடுவது, பல் பிடுங்குவது எல்லாம் இதைப் பார்த்துத்தானாம். பேச்சுத்துணைக்கு வேறு ஆளில்லாத வீட்டில் வருஷக்கணக்கில் இருந்தவள் என் மனைவி. அந்த அம்மா பேசியதெல்லாம் நிலாவைப் பற்றித்தான் என்றால் இவள் வேறு எதைக் கற்றுக்கொண்டு வருவாள்?

நாங்கள் இருப்பது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறேன். ரயிலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப்போவது என் பிழைப்பு. மகளை கொத்மலையில் கட்டிக்கொடுத்துவிட்டோம். எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் மனைவி கரட்டும் லீக்ஸும் போட்டாள். மண்ணுக்கடியில் விளைவதைத் தேய்பிறையில் போடணும், மேலே விளைவதை வளர்பிறையில் போடணும் என்றாள். நன்றாகத்தான் விளைந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து இவளிடம் நாள் கேட்டுப் போனார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

ஒருநாள் வேனுக்கு டயர் மாற்றக் கிளம்பினேன். வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, இன்னைக்கு வேணாங்க. நிலா சும்மா இருக்கு."

"நிலா சும்மா இருந்தா என்ன? நான் சும்மா இல்லையே."

அவள் சிரிக்கவில்லை. நிதானமாக விளக்கினாள். நிலா ஒரு ராசிக்குள் இருக்கும்போது மற்ற கிரகங்களோடு ஒவ்வொன்றாகப் பார்வை வைத்துக்கொண்டே போகுமாம். கடைசிக் கிரகத்தையும் பார்த்து முடித்த பிறகு, அடுத்த ராசிக்குள் நுழையும்வரை அதற்கு வேலை இல்லை. சும்மா போய்க்கொண்டிருக்கும். சிலசமயம் கொஞ்ச நேரம், சிலசமயம் அரைநாளுக்கு மேல். அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, வாங்கக் கூடாது, முடிவு எடுக்கக் கூடாது. தொடங்கினால் பலன் இருக்காது.

நான் டயரை மறுநாள் மாற்றினேன். ஒரு டயருக்காக வீட்டில் சண்டை எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அவளுடைய உடம்பில் ஏதோ சரியில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பிரதான ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் மூச்சு வாங்குது என்பாள். ஒருநாள் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டே அப்படியே சரிந்தாள். தூக்கி உட்காரவைத்தபோது அவள் உதடு வெளுத்துக் கிடந்தது. மாதவிலக்கு நிற்க வேண்டிய வயதில் அது நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்று மகளிடம் போனில் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிடணும், ரொம்ப நாள் தள்ள வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நீண்ட வரிசை இருந்தும் இவளுடைய நிலைமையைப் பார்த்து ஜூன் மாதத்திலேயே ஒரு நாள் கொடுத்தார்கள். நான் நிம்மதியாக வெளியே வந்து வேனை எடுத்தேன். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். டவுன் எல்லையைத் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாள்ல நிலா விருச்சிகத்துல இருக்குங்க" என்றாள்.

"இருந்துட்டுப் போகட்டும்."

"விருச்சிகம்னா கர்ப்பப்பை. ஒவ்வொரு ராசிக்கும் உடம்புல ஒரு இடம் இருக்கு. நிலா எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்துல கத்தி வைக்கக் கூடாது. அதோட வளர்பிறை வேற. ரத்தம் நிக்காது."

"இப்ப மட்டும் நிக்குதா?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி இல்லை அது. ஆனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்லிப் பார்த்தேன். கோபப்பட்டுப் பார்த்தேன். மகள் கொத்மலையிலிருந்து போன் செய்து அழுதாள். "அப்பா, நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். நான் சொன்னால் கேட்பாள் என்று எல்லோரும் நம்பினார்கள். எனக்குத்தான் தெரியும். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட முடியும். சம்மதம் அவள்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரர் கணக்கும் நம் பஞ்சாங்கமும் ஒன்றில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கோயில் ஐயரிடம் அவளைக் கூட்டிப்போனேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "அன்னைக்கு சந்திரன் துலாத்துலதானே இருக்கான்" என்றார்.

நான் துள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தேன். "கேட்டியா? விருச்சிகமே இல்ல. துலாம்."

"அது இவங்க கணக்கு" என்றாள் அவள். "அவங்க கணக்கு வேற. ஒரு ராசி கிட்டத்தட்டத் தள்ளி வரும்."

"இருக்கிறது ஒரே நிலாதானே?"

ஐயர் எங்கள் சண்டையைக் கவனிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு மீன ராசிதானே? சந்திரன் துலாத்துல வந்தா எட்டாமிடம். சந்திராஷ்டமம். நல்ல காரியம் எதுவும் வேணாம். தள்ளிப் போடுறது உத்தமம்."

அவள் தட்சணையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். எந்தக் கதவைத் திறக்கலாம் என்று கூட்டிப்போனேனோ அந்தக் கதவையும் நானே மூடிவிட்டு வந்தேன்.

அந்த நாள் வந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஏறினார்கள். தேயிலையைப் பார்த்து ரொம்ப அழகு, ரொம்ப அழகு என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் தலையாட்டினேன். இந்நேரம் அவளை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள், இந்நேரம் முடிந்திருக்கும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தால் அவள் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தேத்தண்ணி ஊற்றினாள். 

ஆபரேஷனுக்கு அடுத்த தேதி கிடைக்க ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது. இதற்கிடையில் அவள் பாதியாகிப் போனாள். படி ஏறுவதை விட்டுவிட்டாள். கரட் பாத்தியில் களை மண்டியது. ஆனால் புது நாளைச் சொன்னபோது போனைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். தேய்பிறையாம். நிலா மீனத்தில், அதாவது பாதத்தில் இருக்குமாம். கர்ப்பப்பைக்கு அதைவிடத் தூரமான இடம் உடம்பில் இல்லையாம்.

"பாத்தீங்களா? காத்திருந்தது வீண் போகல" என்றாள்.

 போவதாகச் சொன்னாளே, அது போதும் என்றிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தோம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரண்டு பை ஏற்றினார்கள். ஆபரேஷன் நாள் காலையில் அவளுக்குப் பச்சை உடுப்புப் போட்டு, தலைமுடியைத் துணியால் கட்டி, தயாராகப் படுக்கவைத்திருந்தார்கள். அவளும் சந்தோஷமாகத்தான் படுத்திருந்தாள். அப்போது மலைப்பாதை வளைவில் ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்தன. தாழ்வாரம் முழுக்க ரத்தமும் அழுகையும். டாக்டர்கள் எல்லோரும் அங்கே ஓடினார்கள். இவளுடைய ஆபரேஷனை மறுநாள் காலைக்குத் தள்ளிவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது?

பார்வையாளர் நேரத்தில் நான் உள்ளே போனபோது அவள் போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நாளைக்குக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் நிலா சும்மா இருக்குங்க" என்றாள். "மத்தியானத்துக்கு அப்புறம்தான் மேஷத்துக்குப் போகுது. நல்ல நேரம் பாத்து இவ்வளவு நாள் இருந்தேன். இப்ப போயி…"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

நான் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கே விளங்கவில்லை. இத்தனை மாதம் நிலாவைத் திட்டிக்கொண்டிருந்தவன், மறுநாள் விடிந்ததும் வார்டு நர்ஸ் மிஸ்ஸைத் தேடிப்போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். என் மனைவியை மட்டும் கடைசியாக எடுக்க முடியுமா, மத்தியானத்துக்குப் பிறகு?

"ஏன்?" என்றார் அவர்.

காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவ பயப்படுறா மிஸ்" என்றேன்.

"எல்லாரும்தான் பயப்படுறாங்க. நேற்று விடுபட்டவங்களில் உங்க மனைவியைத்தான் டாக்டர் முதலில் எடுக்கச் சொன்னார். ரொம்பத் தள்ளியாச்சு. அது நல்லதுதானே?"

நல்லதுதான் என்றேன். 

தள்ளுகட்டில் வந்தது. தியேட்டர் கதவுவரை கூடப்போக விட்டார்கள். அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். 

"என்னங்க, நான் போகட்டுமா? நீங்க சொல்லுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சைப்ரஸ் போகும்போதுகூட போறேன் என்றுதான் சொன்னாள். 

"சும்மா இருக்கிற நேரத்துல ஆரம்பிச்சா என்ன ஆகும்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"அவ்வளவுதானே. ஒண்ணும் ஆகாது. போயிட்டு வா."

அவள் என்னையே பார்த்தாள். நான் சொன்னதன் அர்த்தம் அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று உதட்டில் வந்தது. கதவு மூடிக்கொண்டது.

அந்தத் தாழ்வாரத்தில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பெஞ்சில் என் பக்கத்தில் பஸ் விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிங்களக்காரர்.  என்னிடமிருந்த பிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அவள் உயிரோடு வெளியே வந்தாள். ரத்தம் நிறையப் போயிருந்தது, ஆனால் நின்றுவிட்டது. மயக்கம் தெளிந்து அவள் முதலில் கேட்டது தண்ணீர். கொத்மலையிலிருந்து வந்திருந்த மகளும் நானும் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தோம். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். கட்டியின் ஒரு பக்கம் நல்லதாக இல்லை என்றார். கண்டிக்குப் போய் கதிர்வீச்சு வைத்தியம் செய்ய வேண்டும், பல வாரம் தொடர்ந்து போக வேண்டும்.

நான் கேட்டேவிட்டேன். "ஜூன்லயே எடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காதா டாக்டர்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்ல முடியாது. அப்பவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் அதை நடுவில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறோம்.

உடப்புசல்லாவையிலிருந்து தினமும் கண்டிக்குப் போய்வர அவளால் ஆகாது. கொத்மலையில் மகள் வீட்டில் தங்கிப் போய்வரலாம் என்று முடிவானது. கண்டியில் எந்த நாள், எந்த நேரம் என்று அவர்களே சொன்னார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள், போனைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வழக்கம்போல் லீக்ஸ் போட நாள் கேட்டு வந்தாள். "எப்ப மண் ஈரமா இருக்கோ அப்ப போடு" என்று இவள் அனுப்பிவிட்டாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. திரும்ப ஒருதரம் போனை எடுத்துப் பார்க்கமாட்டாளா, இன்ன நாள் நல்ல நாள் என்று சொல்லமாட்டாளா என்றிருந்தது.

முதல் நாள் வைத்தியம் முடிந்து மகள் வீட்டில் கொண்டுவந்து விட்டேன். கட்டிலில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். மகள் வாசல்வரை என்னோடு வந்தாள்.

"அம்மாவுக்குச் சரியாயிருமாப்பா?"

வேன் சாவி என் கையில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. "கஞ்சி வச்சுக் குடு, உப்புக் கொஞ்சமா போடு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினேன்.