ஃபெடெலினாவின் எரிமலைக் குழம்பு

அக்வா ஸார்கா என்ற மலைக் கிராமத்தில் ஃபெடெலினா மோண்ட்ராகோனைக் கண்டு மிரளாத ஆள் கிடையாது. காலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். மற்ற நேரங்களில் ஊர் ஆம்புலன்ஸும் அவள் கையில்தான். ஆறடி உயரம், குரலோ ஆற்றுக்கு அக்கரையில் மேயும் மாட்டையும் திரும்பிப் பார்க்கவைக்கும். ஒருமுறை பேருந்துப் படிக்கட்டில் கிலுகிலுப்பைப் பாம்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைக் குப்பை முறத்தில் அள்ளி வெளியே எறிந்துவிட்டு, "லேட்டாயிட்டு, உக்காருங்க எல்லாரும்" என்று வண்டியை எடுத்தவள் அவள். ஓடையில் வெள்ளம் வந்த வருஷம், மூழ்கிய காருக்குள்ளிருந்து இரண்டு ஆம்பிளைகளை ஆளுக்கொரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறினாள்.

அப்படிப்பட்டவளுக்கு மிளகாய்க் காரம் மட்டும் ஆகாது. ஊர்த் தோட்டத்து மிளகாயில் ஒரு விதை நாக்கில் பட்டால் போதும், விக்கல் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்து விக்கல் அல்ல, முழுசாக இரண்டு நாள் விக்கல். கல்யாணத்துக்கு முன்னால், பிறந்த ஊரில், ஒரு சாவு வீட்டில் மரியாதைக்காக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஜெபமாலை முழுக்க 'அருள் விக், நிறைந்த விக்' என்று சொன்னவள்.

அவள் வாழ்க்கைப்பட்டதோ மோண்ட்ராகோன் குடும்பத்தில். பால் பல் விழும் முன்பே பிள்ளைக்கு மிளகாய் கொடுத்துவிட்டோம் என்று பெருமை பேசுகிற கூட்டம் அது. தெற்கே மிளகாய்ப் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காதான் அவளைக் காப்பாற்றினாள். அந்தப் பக்கம் விளைகிற மிளகாய் ஒரு சாண் நீளம் இருக்கும். நிறம் ரத்தச் சிவப்பு, மணம் வெயிலில் காய்ந்த பழம் மாதிரி, காரமோ பேருக்குத்தான். வருஷத்துக்கு இரண்டு மூட்டை வற்றல் வரும். துணி துவைக்கிற அறையில், சோப்புத்தூள் டப்பாக்களுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கும். வாசலில் மட்டும், ஊரார் பார்வைக்கு, கோணல்மாணலான உள்ளூர் மிளகாய்ச் சரம் ஒன்று பயமுறுத்திக்கொண்டு தொங்கும்.

அவள் கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வற்றலின் காம்பைக் கிள்ளி, விதையைத் தட்டி, லேசாகச் சூடு காட்டி வெந்நீரில் ஊறவைப்பாள். பூண்டோடு அரைத்து, தோல் சிக்காமல் வடிகட்டுவாள். மாட்டின் தோள்பட்டைக் கறியைப் பெரிய துண்டுகளாக்கிப் பன்றிக்கொழுப்பில் ஓரம் கருகச் சிவக்க வதக்கி, ஒரு கரண்டி மாவு தூவி, சாற்றை ஊற்றி, ஓரிகானோ இலையைக் கசக்கிப் போட்டு இரண்டரை மணி நேரம் சிறு தீயில் விட்டுவிடுவாள். சீரகத்தை அண்டவிட மாட்டாள். போட்டால் டெக்சாஸ்காரி என்று ஊர் சிரிக்கும்.

கல்யாணமான முதல் ஈஸ்டருக்கு இந்தக் குழம்பைத்தான் வைத்தாள். புருஷனின் தம்பி ஒனெசிமோ, நேற்றுத்தான் முளைத்த மீசையோடு முதல் ஆளாக உட்கார்ந்தான். யார் முந்துவது என்கிற அவசரத்தில் எலும்பு ஒட்டின பெரிய துண்டொன்றை அப்படியே வாய்க்குள் தள்ளினான். தொண்டையில் நின்றுவிட்டது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மேசையைக் குத்தினான். ஃபெடெலினா முதுகில் ஒன்று வைத்தாள். துண்டு பறந்து போய்ச் சுவரில் ஒட்டியது.

"என்னடா ஆச்சு?" என்றார்கள் எல்லோரும்.

மெல்லத் தெரியாமல் விழுங்கினேன் என்று எந்த வாலிபன் ஒப்புக்கொள்வான்? ஒனெசிமோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணுமில்ல… காரம்… யம்மாடி! மதினி குழம்பா வச்சிருக்கா? எரிமலைய வச்சிருக்கா!"

அன்றைக்குப் பிடித்த பெயர் பிறகு போகவே இல்லை. சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பயத்திலேயே வேர்த்தது. அவர்கள் காரத்துக்குச் சாட்சியானார்கள். வேர்க்காதவர்களை, "எரிமலையவே அசராம தின்னுட்டானே" என்று ஊர் தோளில் தூக்கிவைத்துக்கொண்டது. சும்மா கிடைத்த வீரப் பட்டத்தை 'குழம்பில் காரமே இல்லை' என்று சொல்லிக் கெடுத்துக்கொள்ள எவனுக்கும் மனசு வரவில்லை. பெக்கோஸ் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் மூன்றாவது வாயிலேயே சட்டையைக் கழற்றினார். பங்குக் கோயில் திருவிழாவில் அவள் சட்டிக்குத் தனி மேசை போட்டார்கள். அதன் பக்கத்தில் ஒனெசிமோ தீயணைப்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து சாத்திவைத்தான்.

உண்மையைச் சொல்லிவிட ஃபெடெலினா பலமுறை வாயெடுத்தாள். சொல்லவிடாமல் தடுத்தது அவள் புருஷன் டெல்ஃபினோ.

டெல்ஃபினோ தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துவைக்கிறவன். ஒல்லி, குட்டை, மெல்லப் பேசுவான். கோழி முறைத்தால் வழிவிட்டு ஒதுங்கிப்போவான். அவனைத்தான் இப்போது ஊரே எழுந்து நின்று வரவேற்றது. "மூணு வேளையும் அந்தக் குழம்பத் திங்கிற மனுஷன்யா!" முடிவெட்டும் கடையில் அவனுக்கு முதல் நாற்காலி. மற்ற வீடுகளில் குழம்பை நீட்டினால், "வேண்டாம்பா. ஃபெடே கையால சாப்பிட்ட நாக்குக்கு இதெல்லாம் வெந்நீர் மாதிரி இருக்கும்" என்பான். எல்லோரும் பிரமித்துப் போவார்கள். அந்த நேரத்தில் அவன் முதுகு நிமிர்வதை ஃபெடெலினா ஓரக்கண்ணால் பார்ப்பாள். இந்த மனுஷனிடம் போய், நீ பதினெட்டு வருஷமாய்த் தின்றது குழந்தைப் பிள்ளை தின்கிற குழம்பு என்று எந்த வாயால் சொல்வது?

இப்படியிருக்கும்போதுதான் பங்குச் சாமியார் ரொமுவால்டோவுக்கு வயிற்றில் புண் வந்தது. நகரத்து டாக்டர் காரம், எண்ணெய், காப்பி மூன்றையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதமாகச் சாமிக்கு ஓட்ஸ் கஞ்சி, பால், அவித்த உருளைக்கிழங்கு. அங்கி தொளதொளத்தது. பிரசங்கங்கள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் சாப்பாட்டைப் பற்றியே ஆகிவிட்டன. பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாணத்தில் என்ன கறி போட்டிருப்பார்கள் என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினார்.

மே மாதம், உழவர்களின் புனிதர் சான் இசிட்ரோவின் திருவிழா வந்தது. பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் சாமி நடந்து வந்தார். பீன்ஸைத் தாண்டினார். ரொட்டி அடுக்கைத் தாண்டினார். ஃபெடெலினாவின் சட்டியருகே வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. மூடி திறந்திருந்தது. ஆவியில் பூண்டும் கறியும் மிளகாயும் கலந்து எழுந்தன.

சாமி தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார். கிண்ணத்தை எடுத்தார்.

"சாமி! கீழ வைங்க!" ஒனெசிமோ அலறினான். "அது எரிமல!"

சாமி ஒரு வாய் வைத்தார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினார். இன்னொரு வாய் போனது. கிண்ணம் காலியாயிற்று. தானே அள்ளி இரண்டாவதையும் நிரப்பிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒண்ணும் ஆகாது, சாப்பிடட்டும் விடுங்க" என்றாள் ஃபெடெலினா.

"கல்நெஞ்சுக்காரி" என்று பக்கத்திலிருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

ஒனெசிமோ அதற்குள் ஓடிப்போய்ப் போன் செய்துவிட்டான். அடுத்த நிமிஷம் ஃபெடெலினாவின் இடுப்பில் தொங்கிய ரேடியோ கரகரத்தது.

"அக்வா ஸார்கா ஆம்புலன்ஸ்! உங்க பங்கு மண்டபத்துல ஒரு கேஸ். வயித்துப்புண் நோயாளி, மொளகாக் குழம்பு சாப்பிட்டுட்டாராம். ஆபத்தான குழம்பாம்."

"யார் வச்ச குழம்பாம்?" என்றாள் ஃபெடெலினா பல்லைக் கடித்துக்கொண்டு.

ரேடியோ தயங்கிக் கரகரத்தது. "நீங்க வச்சதுன்னுதான் சொல்றாங்க."

அழைப்பு வந்தால் போயாக வேண்டும், அது சட்டம். டெல்ஃபினோதான் அவளுக்கு உதவியாள். இருவரும் சாமியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். அதற்குள் நிரப்பிக்கொண்ட மூன்றாவது கிண்ணத்தை அவர் விடாமல் பிடித்திருந்தார். எத்தனை பேர் இழுத்தும் பிடுங்க முடியாததால் கிண்ணத்தோடேயே வண்டியில் ஏற்றினார்கள்.

ஃபெடெலினா வண்டியைக் கிளப்பினாள். பின்னால் டெல்ஃபினோ சாமியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தான்.

"டெல்ஃபினோ" என்றார் சாமி ஆச்சரியத்தோடு, "ஒண்ணு கவனிச்சியா? இந்தக் குழம்புல காரமே—"

ஃபெடெலினா சைரனை அமுக்கினாள். ஊஊஊ என்று மலை எதிரொலித்தது. சாலையில் முன்னால் போன ஒரே ஒரு டிராக்டர் பயந்துபோய்ப் பள்ளத்தில் இறங்கியது.

சைரன் நின்றதும் சாமி மறுபடி ஆரம்பித்தார். "இல்லப்பா, நான் என்ன சொல்றேன்னா, இதுல சுத்தமா கார—"

ஊஊஊஊ.

"ஃபெடே, இன்னும் சத்தமா வை!" என்று கத்தினான் டெல்ஃபினோ. "சாமிக்கு மூச்சு வாங்குது!" என்று சொல்லிக்கொண்டே பிராணவாயு முகமூடியை எடுத்துச் சாமியின் வாயில் பொத்திவிட்டான். சாமி கையை ஆட்டி ஆட்டி முகமூடிக்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டு வந்தார். தன் புருஷன் எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறான் என்று ஃபெடெலினா மனம் உருகினாள். அதன் பிறகு முப்பது மைல் தூரமும் சைரனை நிறுத்தவேயில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கினார், தட்டினார், படம் எடுத்தார். புண் ஆறியிருந்தது. மூன்று மாதக் கஞ்சி செய்த வேலை அது. ஆனால் ஊருக்குப் போன சேதி வேறு. எரிமலைக் குழம்பு மூன்று கிண்ணம் குடித்தும் சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை, புண்ணே காணாமல் போய்விட்டது, புதுமை, சான் இசிட்ரோ செய்த அற்புதம்!

மறுநாள் காலையில் ஃபெடெலினா கதவைத் திறந்தபோது வாசலில் மெழுகுவர்த்தி எரிந்தது. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒருவர் மூலநோய்க்கு ஒரு கரண்டி கேட்டார். இன்னொரு பெண் தன் மருமகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இவனுக்கு என்ன நோய்?"

"சோம்பேறித்தனம்" என்றாள் அந்த அம்மா.

புதன்கிழமை யாரோ காலிச் சட்டிக்குப் பூமாலை போட்டிருந்தார்கள். பாம்புக்கும் வெள்ளத்துக்கும் அசராதவள் இப்போது அரண்டுபோனாள். சனிக்கிழமை மாலை கோயிலுக்குப் போய், சாமியிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் மண்டியிட்டாள். அவள் உடம்புக்கு அந்தத் தொட்டி கிறீச்சிட்டது.

"சாமி, பதினெட்டு வருஷமா ஊர ஏமாத்திட்டேன். அந்தக் குழம்புல காரமே கிடையாது."

"அதத்தானம்மா ஆம்புலன்ஸ் பூரா சொல்லிக்கிட்டு வந்தேன்" என்றார் சாமி வலைக்கு அந்தப் பக்கமிருந்து. "காரம்னு நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லல."

"காரம் இல்லைன்னு?"

"அதையும் சொல்லல சாமி. என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுபோயிடும். ஊர்ல அவருக்கு இருக்கற மரியாதையே அந்தக் குழம்புதான்."

சாமி ரொம்ப நேரம் யோசித்தார். அந்த யோசனையில் அவர் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. "புதுமைப் பேச்ச நான் நிப்பாட்டிடறேன். நீ பரிகாரமா வாராவாரம் வியாழக்கிழமை ஒரு சட்டிக் குழம்பு வைக்கணும். நான் இருக்கற அறை வீட்டுக்கு வந்து சேரணும். பெரிய சட்டி."

லேசான நெஞ்சோடு அவள் வெளியே வந்தாள். வரிசையில் அடுத்ததாக டெல்ஃபினோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் சொன்னாள். உள்ளே குசுகுசுப்பு. பிறகு சாமியின் சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, இருமி, மறுபடி சிரித்தார். தொட்டியின் திரை குலுங்கியது.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "உள்ள என்ன சொன்ன?"

"பாவசங்கீர்த்தனத்த வெளிய கேக்கக் கூடாது ஃபெடே."

"சரி, பரிகாரம் என்ன குடுத்தார்? அதச் சொல்லலாமில்ல?"

டெல்ஃபினோ காது வரை சிவந்தான். "வியாழக்கிழம வியாழக்கிழம உன் சட்டியத் தூக்கிக்கிட்டுப் போய் அவருக்குக் குடுக்கணுமாம்."

ஃபெடெலினா நின்றாள். புருஷனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவன் வேலியோரத்துக் கழுதையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்போலேருந்து தெரியும்?" என்றாள்.

"எது?"

"டெல்ஃபினோ!"

"சோப்புத்தூள் எடுக்கப் போனேன்" என்றான் அவன் கழுதையிடம். "கல்யாணமாகி ஒம்பதாம் நாள். எனக்கும் காரம் சேராது ஃபெடே. காது அடைச்சுக்கும். எங்க வீட்டுல அத யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

அவள் சிரித்த சிரிப்பில் கழுதை வேலியை விட்டு ஓடியது. அவனும் சிரித்தான், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடாமல்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமி திட்டவட்டமாகச் சொன்னார்: "அது புதுமை கிடையாது. நல்ல சமையல். அவ்வளவுதான்." சாமிக்கு எவ்வளவு தாழ்மை என்று ஊர் நெகிழ்ந்தது. இருந்தாலும் மெழுகுவர்த்திகள் குறைந்தன. மூலநோய்க்காரர் மட்டும் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். பசிதான் காரணம் என்று டெல்ஃபினோ கண்டுபிடித்தான்.

முதல் வியாழக்கிழமை டெல்ஃபினோ சட்டியைத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போனான். வழியில் நின்றவர்கள் தொப்பியை எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துவைத்த மாதிரி காலிச் சட்டியோடு திரும்பினான்.

"என்ன சொன்னார்?"

"அடுத்த வாரம் எஞ்சிலாடாவாம். ரொட்டி மூணு அடுக்கு, நடுவுல கொத்துக்கறி, மேல முட்ட. மஞ்சக்கரு உடையாம இருக்கணுமாம்."

"வேற?"

"பூண்டு கம்மியாம்."

"பூண்டு கம்மியா? வந்து நின்னு உரிக்கச் சொல்லு அவர!" என்று ஃபெடெலினா போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. டெல்ஃபினோ கத்தியை எடுத்துக்கொண்டு பூண்டு உரிக்க உட்கார்ந்தான்.