வில்ஃப் செட்டிலின் எஃகு ஈட்டிகள்

பொறாமையால் குத்தினான் என்கிறார்களே, அந்த வாயை எதைப் போட்டு அடைப்பது? இங்கிலாந்தில் ஹக்னல் ஊர்க் கடைத்தெருவில் மீன்வறுவல் வாங்க வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வது இதுதான்: விளையாட்டில் எப்போதும் டெஸ் ஓல்டர்ஷாதான் ஜெயித்தான், அது பொறுக்காமல் வில்ஃப் செட்டில் பொம்மைச் சிப்பாயின் ஈட்டியைத் தீட்டிவைத்துக் கூட்டாளியின் விரலையே வாங்கிவிட்டான். விரல் போனது உண்மைதான். கை எப்படி மிஞ்சியது என்று அந்த வரிசையில் நின்ற ஒருவராவது கேட்டதுண்டா?

வில்ஃப் தப்பே செய்யாதவன் என்று சாதிக்க வரவில்லை. செய்தான். பெரிய தப்புதான். ஆனால் செய்ததைச் சொல்லித் திட்டுங்கள், செய்யாததைச் சொல்லித் திட்டாதீர்கள்.

அவன் காலுறை ஆலையில் பின்னல் எந்திரம் பழுதுபார்க்கிறவன். அந்த எந்திரத்துக்கு நூற்றுக்கணக்கில் ஊசி உண்டு. ஒன்றே ஒன்று வளைந்தால் போதும், காலுறை மேலிருந்து கீழ்வரை ஏணி மாதிரி பிரிந்துகொண்டே வரும். வளைந்ததைப் பிடுங்கு, நேரானதைச் செருகு. வாலிப வயதிலிருந்து இதே வேலை. அதனால் கோணலாக எதைக் கண்டாலும் அவனுக்கு ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில் சுவரில் படம் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். தன் மூக்கு மட்டும் கொஞ்சம் கோணியிருந்தால் இவன் தன்னைக் கட்டியிருக்கவே மாட்டான் என்று அவன் மனைவி ஃப்ரீடா சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் பின்கூடத்தில் பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி ஆம்பிளைகள் நிற்பார்கள். பழங்காலத்துச் சண்டைதான் அவர்கள் விளையாட்டு. பகடையை உருட்டுவார்கள், அளவுநாடாவால் அளந்து படையை நகர்த்துவார்கள், சண்டையைவிட அதிகமாகச் சட்டம் பேசுவார்கள். சிப்பாய்கள் ஈயத்தில் வார்த்தவர்கள், கட்டைவிரல் கணு உயரம்தான். வில்ஃபின் படை அலெக்சாந்தரின் காலாட்படை. ஆள் உயரத்துக்கு மூன்று பங்கு நீள ஈட்டி பிடித்து, வரிசைக்குப் பின் வரிசையாக நெருங்கி நிற்கிற படை. அதில் ஈட்டி சரியில்லையென்றால் வெறும் ஈயக்குவியல்தான்.

பொம்மையோடு வந்த ஈட்டியும் ஈயம். தொட்டால் வளையும். போன வருஷம் நாட்டிங்ஹாம் கண்காட்சியில், பெட்டியைத் திறந்து அடுக்கி முடிப்பதற்குள் எல்லாம் வாடின வெங்காயத்தாள் மாதிரி தலை தொங்கிவிட்டன. பரிசு கொடுக்க வந்தவர் ஒரு தடவை பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த அடங்கின சிரிப்புதான் வில்ஃபைத் தின்றது.

அப்புறம்தான் ஈட்டி தேடும் படலம். ஃப்ரீடாவின் சமையலறை மேசைமேல் பாதியாக நறுக்கின உருளைக்கிழங்கு வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதக் கம்பி குத்தி நிற்கும். பித்தளை, நைலான் துடைப்ப நார், எஃகு. டெஸ் எதிரே உட்கார்ந்து கேடயங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறவன் அவன். ஒரு கடுகளவு இடத்தில் நட்சத்திரம் போடுவான், கதிரும் போடுவான். சர்க்கரை வியாதிக்காரன். வில்ஃபும் அவனும் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து கூட்டாளிகள்.

"நாரைப் போடுடா," என்றான் டெஸ். "வளைஞ்சாலும் தானா நிமிந்துக்கும். யாரையும் குத்தாது."

"நாரை வச்சுத் தரையைப் பெருக்கலாம். பாரசீகனை விரட்ட முடியாது."

"பித்தளையாவது போடு."

வில்ஃப் பித்தளையை ஒரு விரலால் அமுக்கிக் காட்டினான். வளைந்தது வளைந்தபடியே நின்றது. பிடுங்கிக் குப்பையில் போட்டான்.

"எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்குடா. தூரிகை பிடிக்கிறதே கண்ணால பாத்துத்தான். உன் எஃகு குத்தினா ரத்தத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"அப்ப என் படையைத் தொடாதே. உன் ஆளை மட்டும் நகத்து."

அது அந்த மேசையின் பழைய வழக்கம்தான். அவரவர் படையை அவரவர்தான் தொடவேண்டும். அதனால் டெஸ் மறுபடி கேடயத்தின்மேல் குனிந்தான்.

எஃகுதான் வந்தது. கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அரத்தால் ராவி, இலைபோல ஒரு முனை எடுத்தான். பார்க்க அத்தனை அழகு. ஆனால் தட்டி மெலிந்த எஃகு பட்டென்று உடையும். ஊசியோடே வாழ்ந்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? எஃகு ஈட்டி வைப்பவர்கள் ஒவ்வொரு முனைக்கும் ஒரு சொட்டுப் பசை வைத்து மழுக்கவேண்டும் என்பது மன்றத்தில் கட்டாயம். வைத்தால் தீக்குச்சி மாதிரி இருக்கிறது என்று வில்ஃபுக்கு மனசு வரவில்லை. கண்காட்சி முடியட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஆட்டம். வில்ஃபுக்கு அன்று முதுகு பிடித்துக்கொண்டது. மேசை நடுவரை எட்ட முடியவில்லை. அந்த வரிசையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடு என்று டெஸ்ஸிடம் கேட்டதே அவன்தான். தொடாதே என்ற அதே வாய். டெஸ் தள்ளிவிட்டுக் கையை எடுத்தான். பச்சைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம்.

"உன் பசங்க கடிக்கிறானுங்கடா," என்று சொல்லி விரலைச் சப்பிக்கொண்டு பகடையை உருட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். ஈட்டிப்படை வைத்திருக்கிற எவன் கையில்தான் வடு இல்லை?

பெட்டியில் அடுக்கும்போது வில்ஃப் பார்த்தான். முன்வரிசையில் ஒருவனுடைய ஈட்டிக்கு முனை இல்லை. துணியை உதறினான், தரையைத் தடவினான். கிடைக்கவில்லை. யார் செருப்பிலாவது ஒட்டிப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இன்னொன்றும் தெரியவேண்டும். டெஸ் அந்த மேசைக்கு வருவது அவன் மனைவி ஏனிட்டுக்குத் தெரியாது. முன்பொரு தடவை சண்டை மும்முரத்தில் சாப்பாட்டை மறந்து அங்கேயே மயங்கி விழுந்தவன் அவன். இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று ஏனிட் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் காய்கறித் தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவான். விரல் வீங்கியதும் வீட்டில் ரோஜா முள் என்றான். டாக்டரிடமும் ரோஜா முள் என்றே சொன்னான். பேரன் எடுக்கிற வயதில் பொம்மைச் சிப்பாய் குத்திவிட்டது என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது? முள்ளுக்கு என்ன கொடுப்பார்களோ அந்த மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வில்ஃப் டெஸ்ஸைப் பார்க்கப் போனான். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரையும் பாசமாகக் கூப்பிடுவதுபோல, ஏனிட் அவனை 'வா என் வாத்தே' என்று கூப்பிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இப்போது அவள் அவனை மிஸ்டர் செட்டில் என்கிறாள், அதுவும் வேலியோரம் எதிர்ப்பட்டால் மட்டும். அன்று அவள் பிஸ்கட் எடுக்க உள்ளே போனதும் வில்ஃப் குரலைத் தாழ்த்தினான்.

"டெஸ், ஒரு ஈட்டிக்கு முனை இல்லடா."

"தரையில விழுந்திருக்கும்."

"தேடிட்டேன்."

"நல்லாத் தேடு. ஏனிட்கிட்ட மட்டும் வாயைத் திறந்தே, அப்புறம் என் வாசப்படி ஏறாதே."

அவள் தட்டோடு வந்துவிட்டாள். வில்ஃப் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டான்.

இதுதான் அவன் தப்பு. கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கு என்று அவனுக்கு ஒரு சாக்கு இருந்தது. ஆனால் சொல்லியிருந்தால் மன்றத்தில் எஃகையே தடுத்திருப்பார்கள், கண்காட்சிக்கு அந்தப் படை போயிருக்காது என்பதும் அவன் மனசின் ஒரு மூலையில் கிடந்தது. அதையும் மறைக்கவேண்டாம். முனை உடைந்த ஈட்டியைப் பிடுங்கினான், நேரான ஒன்றைச் செருகினான். நாட்டிங்ஹாமுக்குப் போனான். ஜனங்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். படை கோரைப்புல் மாதிரி நிமிர்ந்து நின்றது. பரிசுக் கோப்பை கையில் வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தவர்கள் வயிற்றுவலி என்று நினைத்தார்கள். வீட்டுக்கு வந்து கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரிக்கடியில் தள்ளிவிட்டான்.

அடுத்த நாள் மத்தியானம். ஃப்ரீடா மாட்டிறைச்சி வாட்டி, உருளைக்கிழங்கும் குழம்பும் மேசையில் வைத்துவிட்டாள். அப்போது தொலைபேசி மணி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏனிட். முழங்கைவரை சிவப்புக் கோடு ஏறிவிட்டதாம். கையையே எடுக்கவேண்டி வரலாம் என்கிறார்களாம். ஒரு முள்ளுக்கா இப்படி, ஒரு முள்ளுக்கா இப்படி என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாளாம்.

ஃப்ரீடா வந்து சொன்னாள். வில்ஃப் முட்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அது முள் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். தோட்டம், சத்தியம், துணிமேல் சொட்டிய ரத்தம், முனை. ஃப்ரீடா நின்றபடியே கேட்டாள்.

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"தெரிஞ்சுதான்."

"கோப்பை வாங்கிட்டு வந்தியே, வில்ஃப்."

வில்ஃப் தட்டைத் தள்ளிவைத்தான். எழுந்து கூடத்து அலமாரியைத் திறந்தான். டெஸ் நட்சத்திரம் போட்ட கேடயங்களோடு படை நின்றது. முன்வரிசையில் ஒருவனுடைய ஈட்டியை அசைத்து அசைத்து உருவினான். விரலுக்குள்ளே எதைத் தேடவேண்டும், அது எத்தனை பெரிசு என்று டாக்டர்களுக்குத் தெரியவேண்டுமே.

"போன்ல சொல்லிடு," என்றாள் ஃப்ரீடா. "ஏனிட் முன்னால போய் எப்படி நிப்பே?"

"போன்ல சொன்னா ஏதோ விளையாட்டுப் பேச்சுனு வச்சிடுவாங்க."

"டெஸ் இனிமே உன் முகத்துல முழிக்கமாட்டான்."

"முழிக்கவேண்டாம். கை இருக்கட்டும்."

முதுகு இன்னும் நேராகவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நடந்தான். கோட்டை எடுத்துக் கொடுக்க ஃப்ரீடா திரும்புவதற்குள் கதவைத் திறந்தான். எதிர்வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தவன், அந்த மீன்வறுவல் வரிசையில் நிற்பவர்களில் ஒருவன், கையில் அந்தக் கம்பியோடு எங்கே இத்தனை அவசரம் என்று கேட்டான். வில்ஃப் நிற்கவில்லை.

"டெஸ்ஸைக் குத்தினது இதுதான்," என்று சொல்லிக்கொண்டே வண்டியை நோக்கி ஓடினான்.