கொழுத்த கன்றும் செல்லத்துரை அண்ணையும்

"கண்டுக்குட்டியை வெட்டச் சொல்லி என்ரை வாயாலை வராது, ஃபாதர். வேறை ஆளைப் பாருங்கோ."

செல்லத்துரை அண்ணை இப்படிச் சொல்லிவிட்டுப் பஞ்சுத் தாடியைக் கழற்றத் தொடங்கியதும் நான் கமராவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஓடினேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோப்பாயில் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான், முதன்முதலாக ஒரு கதைப்படத்துக்குக் கமரா பிடித்தேன். வேதாகமத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதை. சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்டுத் திரும்பி வருகிற மகனுக்காக, தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறான். தேவாலயத் திருநாளுக்குப் படம் போடுவதாக ஃபாதர் ஊரெல்லாம் சொல்லியும் விட்டார்.

1. சண்டிலிப்பாயில் பலஸ்தீனம்

கதை நடப்பது யேசுவின் பலஸ்தீனத்தில்; நாங்கள் படம் பிடித்த சண்டிலிப்பாயிலோ கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் பனை. அதற்குக் கீழே புகையிலைத் தோட்டம். "ஈச்சமரத்துக்குப் பனை சொந்தக்காரர்தானே, விடும்" என்றார் ஃபாதர். வேலைக்காரராக நடித்தவர்களுக்குப் படுக்கை விரிப்பைச் சுற்றி விட்டோம். நாலடி நடப்பதற்குள் அதை இடுப்பில் சாரம் போல மடித்துக் கட்டிவிடுவார்கள். காசெல்லாம் போனபின் கூலிக்குப் பன்றி மேய்க்கும் காட்சிக்கு அந்த ஊரில் பன்றிக்கு எங்கே போவது? மகன் வேலிக்கு அப்பால் பார்த்து மூக்கைப் பொத்துவதோடு சமாளித்தேன்.

2. எடுத்தது எடுத்ததுதான்

எடிட்டிங் வசதி எங்களுக்கு இல்லை. கதை போகிற வரிசையிலேயே கசெற்றில் எடுத்துக்கொண்டு போவோம். தகப்பனாக நடித்த செல்லத்துரை அண்ணை சைவக்காரர், தோட்டம் செய்பவர். கூத்தில் அரசனாக ஆடிய குரலுக்காகவே அவரைப் பிடித்தோம். அவர் போனால் படம் முழுவதையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். திருநாளோ அடுத்த ஞாயிறு.

கன்றும் அவருடையதுதான். படத்தில் வரப்போகிறதே என்று அவர் மனைவி அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறும் பூசி அனுப்பியிருந்தார். ஃபாதர் அதைத் துடைக்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

"அண்ணை, சும்மா நடிப்புத்தானே. கண்டிலை கத்தி படாது" என்றேன்.

"அது உனக்கு விளங்கும். உவளுக்கு விளங்குமே?" என்று கன்றைக் காட்டினார்.

"யேசு சொன்ன கதை. நான் மாத்தேலாது" என்றார் ஃபாதர்.

"உங்கடை கதையை நான் குறை சொல்லேல்லை. ஆனா வீட்டுச் சீவனை வெட்டிப்போட்டுக் கொண்டாடுறதே?"

ஃபாதர் கன்றின் நெற்றியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சரி, உங்கடை பெடியன் இப்பிடி வந்து நிண்டா என்ன சொல்லுவியள்?"

செல்லத்துரை அண்ணை மகனாக நடித்தவனைத் திரும்பிப் பார்த்தார். தாடியைத் திரும்ப ஒட்டினார். "தம்பி, கமராவைப் போடு."

மகன் வந்து காலில் விழுந்தான். எழுதிக் கொடுத்த நீண்ட வசனத்தில் ஒரு சொல்லும் அண்ணையின் வாயில் வரவில்லை. அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தவர், "எப்ப சாப்பிட்டனி?" என்றார். பிறகு திரும்பிப் பெரிய சத்தமாக, "அடுப்பை மூட்டுங்கோடா! பிள்ளை பசியோடை வந்திருக்கிறான்!"

தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. நான் கமராவை நிறுத்தவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்டு, ஃபாதர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்றார்.

3. திருநாளன்று

நடிக்கிறவரின் வாயில் வராததை எழுதிவிட்டு அவரோடு மல்லுக்கட்டக் கூடாது. என்ன வரும் என்று அவரையே கேட்க வேண்டும். வேதக்கதையை எடுக்க வருகிற இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

திருநாளன்று தேவாலய வளவில் டிவியை உயரத்தில் வைத்துப் படம் போட்டோம். விருந்துக் காட்சியில் திருநீற்றுக் கன்று வாழைத்தோல் தின்றுகொண்டு நிற்க, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த தேவாலயத்து மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. வேதாகமத்தில் ஒரு எழுத்து மாறினாலும் விடாத மனுசன். சொந்த மகனோடு கதைபேச்சு இல்லாதவர். அவர் எழும்பியதும் ஃபாதரின் முகம் கறுத்துவிட்டது.

"இருங்கோ ஐயா, படம் இன்னும் முடியேல்லை" என்றேன்.

"நீங்கள் பாருங்கோ தம்பி. நான் ஒருக்கா மகன் வீட்டுக்குப் போட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.